எமோஜி தேடும் பெட்டிக்குத் தமிழ் தெரியுமா? மவுஸைத் தொடாத எமோஜி பிக்கர், ஒரு விளக்கம்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு புள்ளி கீயைத் தட்டினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். உள்ளே எமோஜிகள் வரிசையாக நிற்கும். மேக்கில் கன்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இதே வேலை நடக்கும். விண்டோஸில் இந்த வசதி 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்தே இருக்கிறது. ஆனாலும் கூகுளில் தேடி, காப்பி பண்ணி, பேஸ்ட் பண்ணுகிறவர்கள் இன்னும் நம்மைச் சுற்றி நிறைய பேர்.

இந்தப் பெட்டிக்குப் பெயர் 'எமோஜி பிக்கர்'. போனில் இதற்காக யாரும் யோசிப்பதில்லை; விரலால் தட்டினால் முடிந்தது. ஆனால் கம்ப்யூட்டரில், அதிலும் கோடு எழுதவும் நீளமாக டைப் பண்ணவும் பயன்படும் டெக்ஸ்ட் எடிட்டருக்குள், கீபோர்டை மட்டுமே நம்பி ஒரு பிக்கர் கட்ட வேண்டும் என்றால் கேள்விகள் வரிசை கட்டி வருகின்றன. அவற்றில் ஒன்று தமிழில் டைப் செய்பவர்களை நேராகவே தொடுகிறது. படத்தைத் தேட அதன் பெயரை அடிக்க வேண்டும். அந்தப் பெயர் யாருடைய மொழியில் இருக்க வேண்டும்?

டெக்ஸ்ட் எடிட்டரில் எமோஜி எதற்கு?

'கோடு எழுதுற இடத்துல சிரிப்பு முகம் எதுக்கு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் டெக்ஸ்ட் எடிட்டரில் எழுதப்படுவது கோடு மட்டும் இல்லை. ப்ராஜெக்ட்டின் அறிமுகக் கோப்பு, மாற்றங்களின் பட்டியல், ஆவணங்கள், சோஷியல் மீடியாவுக்கான பதிவு, நியூஸ்லெட்டர் எல்லாமே அங்கே எழுதப்படுகின்றன. டிக் குறி, எச்சரிக்கை முக்கோணம், ராக்கெட் போன்றவை உள்ள அறிமுகக் கோப்புகளைப் பார்ப்பது இன்று சகஜம்.

'கிட்மோஜி' என்று ஒரு வழக்கமே இருக்கிறது. கோடில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் கிட்டில் பதிவு செய்யும்போது, குறிப்பின் தொடக்கத்தில் ஒரு எமோஜி போடுவார்கள். பிழையைச் சரி செய்தால் பூச்சி, புது வசதி சேர்த்தால் மின்னும் நட்சத்திரங்கள். நூறு வரிப் பட்டியலில் எது என்ன வகை என்று கண் உடனே பிரித்துவிடும். இப்படி ஒரு நாளில் இருபது முறை எமோஜி போடுகிறவருக்கு, ஒவ்வொரு முறையும் மவுஸைத் தேடிப் போவது வேலையைத் துண்டு துண்டாக வெட்டும் சமாச்சாரம்.

இன்னொரு தரப்பும் இருக்கிறது. மணிக்கட்டு வலியால் மவுஸ் பிடிக்க முடியாதவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், பார்வையில்லாமல் ஸ்க்ரீன் ரீடர் துணையோடு வேலை செய்பவர்கள். இவர்களுக்கு ஷார்ட்கட் என்பது வேகத்துக்கான தந்திரம் இல்லை. அதுதான் ஒரே வழி. இணையதளங்களுக்கான டபிள்யூ3சி அணுகல் வழிகாட்டுதல்களில், எல்லாச் செயல்பாடுகளும் கீபோர்டாலேயே முடிய வேண்டும் என்பது அடிப்படை நிலையிலேயே இடம்பெறும் நிபந்தனை. மவுஸ் இல்லாவிட்டால் நகராத பிக்கர் இந்தக் கூட்டத்தை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

176லிருந்து 3,790 வரை

1999இல் ஜப்பானின் என்டிடி டொகோமோ நிறுவனத்துக்காக ஷிகெடகா குரிடா உருவாக்கிய தொகுப்பில் இருந்தவை 176 எமோஜிகள். ஒவ்வொன்றும் 12க்கு 12 புள்ளிகள் கொண்ட கட்டம். நியூயார்க்கின் மோமா அருங்காட்சியகம் 2016இல் அந்தத் தொகுப்பைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. 176 என்றால் ஒரே திரையில் அடக்கிவிடலாம். கண்ணை ஒரு சுற்று ஓட்டினால் வேண்டியது கிடைத்துவிடும்.

2010இல் வெளியான யூனிகோட் 6.0 எமோஜிகளை உலகப் பொதுத் தரத்துக்குள் கொண்டுவந்தது. அதன்பின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 2024 செப்டம்பரில் வந்த யூனிகோட் 16.0 நிலவரப்படி மொத்தம் 3,790. தோல் நிற வேறுபாடுகள், ஆண்-பெண் வடிவங்கள், கொடிகள் எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்தி.

3,790 படங்களை ஆரோ கீயால் ஒவ்வொன்றாகக் கடந்து போக முடியுமா? முடியாது. கீபோர்டு பிக்கர் வடிவமைப்பின் மொத்தச் சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மெனுவா, தேடலா?

இதற்கு நல்ல உதாரணம் ஈமேக்ஸ். 1976இல் அமெரிக்காவின் எம்ஐடியில் தொடங்கி, 1985 முதல் க்னூ ஈமேக்ஸ் என்ற பெயரில் வளர்ந்துவரும் டெக்ஸ்ட் எடிட்டர் இது. இதைப் பயன்படுத்துகிறவர்கள் மவுஸைத் தொடுவதையே கௌரவக் குறைவாக நினைப்பவர்கள் என்று கிண்டலாகச் சொல்வதுண்டு. 2023 ஜூலையில் வந்த 29.1 பதிப்பில் எமோஜிக்கென்று தனிக் கட்டளைகள் சேர்க்கப்பட்டன.

கன்ட்ரோல்-எக்ஸ், பிறகு 8, பிறகு இங்கிலீஷ் எழுத்து 'இ'. இதுதான் நுழைவாயில். அடுத்து அடிக்கும் எழுத்தைப் பொறுத்து வழி பிரியும். மறுபடி 'இ' அடித்தால் வகை வகையாகப் பிரித்த மெனு. 'எஸ்' அடித்தால் பெயர் சொல்லித் தேடலாம். 'எல்' அடித்தால் முழுப் பட்டியலும் கண்முன் விரியும். 'ஆர்' அடித்தால் சமீபத்தில் போட்டவை. 'டி' அடித்தால் கர்சர் நிற்கும் இடத்தில் உள்ள எமோஜியின் பெயரைச் சொல்லும்.

வெளியிலிருந்து பார்த்தால் 'ஒரு எமோஜி போட இவ்வளவு அக்கப்போரா?' என்று தோன்றும். ஆனால் இந்தப் பிரிப்புக்குப் பின்னால் ஒரு யோசனை இருக்கிறது. ஒரு படத்தை மனிதர்கள் மூன்று விதமாக நினைவில் வைக்கிறார்கள். பெயர் தெரியும், இருக்கும் இடம் தெரியும், அல்லது பார்த்தால் மட்டும் தெரியும். பெயர் தெரிந்தவருக்குத் தேடல். 'உணவு, அதில் இனிப்பு, அதில் மூன்றாவது' என்று பாதை தெரிந்தவருக்கு மெனு. பார்த்தால்தான் சொல்வேன் என்பவருக்குப் பட்டியல். மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 'இது போதும்' என்று முடிவெடுக்கும் பிக்கர், மற்ற இரண்டு விதமான ஆட்களையும் கைவிடுகிறது.

'டி' என்ற கட்டளை சின்ன விஷயம்போலத் தெரியும். அனுப்பியவர் எந்த முகத்தைப் போட்டார், அது சிரிப்பா, சங்கடமா, வியர்வையா என்று புரியாமல் குழம்பிய அனைவருக்கும் அதன் அருமை தெரியும்.

கோலன் போட்டால் போதுமா?

ஸ்லாக், டிஸ்கார்ட், கிட்ஹப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு வழி பழக்கம். ஒரு முக்காற்புள்ளி, அதாவது கோலன், அடித்துவிட்டுப் பெயரைத் தொடங்கினால் பரிந்துரைகள் குதிக்கும். சாட்டில் இது சௌகரியம். தனி ஷார்ட்கட் ஞாபகம் வைக்க வேண்டாம். எழுத்தின் ஓட்டமும் நிற்காது.

ஆனால் இதை அப்படியே எடிட்டருக்குக் கொண்டுவந்தால் தலைவலிதான். பைத்தான் மொழியில் கோலன் இல்லாமல் பத்து வரி எழுத முடியாது. சி++ மொழியில் இரட்டைக் கோலன் சகஜம். 10:30 என்று நேரம் எழுதினாலும் கோலன், இணைய முகவரி எழுதினாலும் கோலன். ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டி முளைத்து, எண்டர் அடித்தவுடன் புது வரிக்குப் பதிலாக ஒரு ராக்கெட்டைக் கொண்டுவந்து போட்டால், அன்றே அந்த வசதியை அணைத்துவிடுவார்கள்.

இதற்கு நடைமுறையில் கைகொடுக்கும் சில விதிகள் உண்டு. கோலனுக்கு முன்னால் இடைவெளி இருக்க வேண்டும். கோலனுக்குப் பின் குறைந்தது இரண்டு எழுத்தாவது வர வேண்டும். எஸ்கேப் அழுத்தினால் பெட்டி மறைந்து, அடித்த எழுத்துகள் அடித்தபடியே நிற்க வேண்டும். கோடு இருக்கும் கோப்பில், கருத்துரைப் பகுதிக்கு வெளியே இது இயங்கவே கூடாது.

தனி ஷார்ட்கட்டிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. லினக்ஸில் ஜிடிகே வகை செயலிகளில் கன்ட்ரோல்-புள்ளி அழுத்தினால் எமோஜி பெட்டி வரும். விஎஸ் கோடில் அதே கன்ட்ரோல்-புள்ளி, பிழைக்கான உடனடித் திருத்தங்களைக் காட்டும். ஒரே விரல் அசைவு, இரண்டு அர்த்தம். அதனால் ஷார்ட்கட்டைப் பயனர் மாற்றிக்கொள்ள வழி இருக்க வேண்டும். இது விருப்பப்பட்டால் செய்யும் உபசாரம் ஆகிவிடக் கூடாது.

கை பழகும் வரிசை

'ஃபயர்' என்று இங்கிலீஷில் அடித்தால் எத்தனை படங்கள் வரும்? நெருப்பு, தீயணைப்பு வண்டி, தீயணைப்பு வீரர், பட்டாசு, வாணவேடிக்கை, எரியும் இதயம். எல்லாவற்றின் பெயரிலும் அந்தச் சொல் இருக்கிறது. எதை முதலில் காட்டுவது?

பல செயலிகள் 'நீங்கள் அதிகம் போடுவதை முதலில் காட்டுகிறேன்' என்று புத்திசாலித்தனம் காட்டும். போனில் அது உதவும், ஏனென்றால் கண் பார்த்துத்தான் விரல் தட்டுகிறது. கீபோர்டில் கதை வேறு. ஒருவர் 'ஃபயர், எண்டர்' என்று நூறு முறை அடித்தபின் திரையைப் பார்க்கவே மாட்டார். கை தானாக ஓடும். நேற்று பட்டாசு இரண்டு முறை போட்டதற்காக இன்று வரிசையை மாற்றி வைத்தால், வாடிக்கையாளருக்குப் போகும் குறிப்பில் நெருப்புக்குப் பதில் பட்டாசு வெடிக்கும்.

ஆகவே ஒரே எழுத்துகளுக்கு ஒரே வரிசை என்பதே கீபோர்டு பிக்கருக்கு ஏற்ற விதி. பெயர் முழுதாகப் பொருந்துவது முதலில், அந்தச் சொல்லில் தொடங்குவது அடுத்து, நடுவில் வருவது கடைசியில். சமீபத்தியவை வேண்டும் என்றால், ஒன்றும் அடிக்காமல் பெட்டியைத் திறக்கும்போது மட்டும் மேலே ஒரு வரிசையில் காட்டலாம். ஈமேக்ஸ் அதைத் தனி எழுத்தில் பிரித்து வைத்திருப்பதும் இந்த வகையில் சரியான முடிவு.

தோல் நிறத்துக்கும் இதே பார்வை வேண்டும். 2015இல் யூனிகோட் 8.0 ஐந்து தோல் நிறங்களைச் சேர்த்தது. கை குலுக்கும் எமோஜியில் இரண்டு கைகள் இருப்பதால், 2021இல் இரு கைக்கும் தனித்தனி நிறம் தரும் வசதி வந்தபின் அந்த ஒரு படத்துக்கே 26 வடிவங்கள். இத்தனையையும் தேடல் முடிவில் கொட்டினால் மற்ற எதுவும் கண்ணில் படாது. ஒரு முறை தேர்ந்த நிறத்தை நினைவில் வைத்துக்கொண்டு அதையே தர வேண்டும். மாற்ற நினைப்பவர் ஒரு கீ அழுத்தினால் மற்ற நிறங்கள் திறந்தால் போதும்.

ஒரு படம், ஏழு குறியீடுகள்

படத்தைத் தேர்ந்தாயிற்று. எண்டர் அடித்தால் வேலை முடிந்ததா? இல்லை, எடிட்டருக்கு இங்கேதான் வேலை ஆரம்பம்.

அப்பா, அம்மா, மகள், மகன் என்று நான்கு பேர் நிற்கும் குடும்ப எமோஜி திரையில் ஒரே படம். உள்ளே அது ஏழு குறியீடுகள். நான்கு ஆட்கள், அவர்களை ஒட்டவைக்கும் மூன்று கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகள். பைத்தானில் நீளம் கேட்டால் 7 என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட்டில் கேட்டால் 11 என்று சொல்லும். பேக்ஸ்பேஸை ஒரு முறை தட்டினால் சில எடிட்டர்களில் மகன் மட்டும் காணாமல் போவான், இன்னொரு முறை தட்டினால் மகள்.

தமிழ் டைப் செய்பவர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. 'தமிழ்' என்ற சொல்லில் நம் கணக்குக்கு எழுத்து மூன்று. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் ஐந்து என்கின்றன: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழி, கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை ஒன்றாகவே எண்ணுவதால், தமிழுக்கு 3 என்றும் குடும்பத்துக்கு 1 என்றும் சரியாகச் சொல்லும். தமிழ் 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. எமோஜி பின்னால் வந்தது. ஆனால் 'ஓர் எழுத்து என்றால் ஒரு குறியீடு' என்று நம்பி எழுதிய நிரல்களின் பிழை உலகம் முழுக்கப் பளிச்சென்று தெரிந்தது எமோஜியால்தான். சிரிப்பு முகம் உடைந்தால் எல்லோர் கண்ணிலும் படும். தமிழ் எழுத்து உடைந்தால் தமிழ் தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும்.

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் இதற்கு ஓர் உதாரணம். அதன் பழைய 'யூடிஎஃப்8' அமைப்பு ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் மூன்று பைட்டுகளை மட்டுமே ஏற்கும். பெரும்பாலான எமோஜிகளுக்கு நான்கு பைட் வேண்டும். 2010இல் நான்கு பைட் ஏற்கும் அமைப்பு தனியாகச் சேர்க்கப்பட்டது. வழக்கமான தமிழ் எழுத்துகளுக்கு மூன்று பைட் போதும். ஆனால் முந்திரி, காணி, மா போன்ற பழைய தமிழ்ப் பின்னக் குறிகள் 2019இல் யூனிகோட் 12.0இல் சேர்ந்தபோது அவற்றுக்குக் கிடைத்த இடம் நான்கு பைட் பகுதியில்தான். எமோஜிக்காகச் செய்த பழுதுபார்ப்பு பழைய தமிழ்க் கணக்குக் குறிகளுக்கும் வழி திறந்தது.

இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே விதி பொருந்தாது. 'நி' என்று தவறாக அடித்துவிட்டு 'நீ' ஆக்க நினைப்பவருக்கு, பேக்ஸ்பேஸ் இகரக் குறியை மட்டும் அழிப்பதுதான் வசதி. குடும்ப எமோஜியை அழிக்கும்போது நான்கு பேரும் ஒன்றாகப் போவதுதான் சரி. எடிட்டர் இரண்டையும் வேறு வேறாக நடத்தத் தெரிந்திருக்க வேண்டும். பிக்கர் போட்ட படம், கன்ட்ரோல்-இசட் ஒரு முறை அடித்தால் முழுதாகத் திரும்பப் போக வேண்டும். பெட்டி மூடியதும் கர்சர் படத்துக்கு அடுத்த இடத்தில் நிற்க வேண்டும்.

எதிர்முனையில் இருப்பவரையும் மறக்கக் கூடாது. 'எரியும் இதயம்' 2020இல் வந்தது. உள்ளே அது இதயமும் நெருப்பும் ஒட்டிய கூட்டு. பழைய போனில் திறந்தால் இதயம் தனி, நெருப்பு தனி என்று இரண்டு படங்களாகத் தெரியும். முற்றிலும் புதிய எமோஜி என்றால் வெறும் கட்டம்தான். புதிதாக வந்த படங்களைப் பிக்கர் ஒரு சின்னக் குறியோடு காட்டினால், அனுப்புகிறவர் யோசித்து அனுப்புவார்.

பெயர் வைத்தது யார்?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். எமோஜிக்கு மொழி இல்லை என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. படத்துக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் கீபோர்டால் அந்தப் படத்தை அடைய ஒரு சொல் வேண்டும். ஈமேக்ஸ் தேடலில் இருப்பவை யூனிகோடின் இங்கிலீஷ் பெயர்கள். சாட் செயலிகளின் கோலன் பெயர்களும் பெரும்பாலும் இங்கிலீஷ்தான்.

கைகூப்பிய எமோஜியை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோட் அதை 'மடித்த கைகள்' என்ற பொருளில் குறிப்பிடுகிறது. கிட்ஹப்பில் அதன் பெயர் 'ப்ரே', அதாவது பிரார்த்தனை. தமிழ் பேசுகிறவர் இதைப் போடும்போது மனதில் ஓடுவது என்ன? வணக்கம், நன்றி, கும்பிடுறேன் சாமி, ப்ளீஸ், இவற்றில் ஏதோ ஒன்று. 'ஃபோல்டட் ஹேண்ட்ஸ்' என்று யோசிப்பவர் மிகக் குறைவு.

2019இல் வந்த எமோஜிகளில் நமக்கு நெருக்கமான நான்கு இருந்தன: ஆட்டோ, சேலை, கோயில், அகல் விளக்கு. அகல் விளக்கின் அதிகாரப்பூர்வப் பெயரில் இருப்பது 'தியா' என்ற இந்திச் சொல். கார்த்திகைக்கு வாழ்த்து எழுதும் ஒருவர் 'அகல்' என்று அடித்தாலும் 'விளக்கு' என்று அடித்தாலும் இங்கிலீஷ் பெயர் மட்டும் தெரிந்த பிக்கர் கையை விரிக்கும். சேலைக்கு இங்கிலீஷில் எழுதும்போது நம்மில் பலர் கடைசியில் இரட்டை 'ஈ' போடுவோம். யூனிகோடில் இருப்பது 'ஐ'யில் முடியும் எழுத்துக்கூட்டல். பெயரை மட்டும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலில் இதுவே போதும், படம் கிடைக்காமல் போக.

'தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் பயன்படுத்துபவருக்கு இங்கிலீஷ் தெரியாதா?' என்று கேட்பார்கள். தெரியும். ஆனால் இங்கிலீஷ் தெரிவதும், தமிழில் ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் மனதை இங்கிலீஷுக்குத் திருப்பி ஒரு பெயரை ஊகிப்பதும் ஒன்றல்ல. மவுஸுக்குக் கை நகர்வதால் ஓட்டம் கெடுகிறது என்றுதான் கீபோர்டு பிக்கரையே கட்டுகிறார்கள். மொழி மாறும்போதும் அதே ஓட்டம் கெடுகிறது. தவிர, எடிட்டர் திறக்கும் எல்லோரும் டெவலப்பர்கள் இல்லை. மொழிபெயர்ப்பாளர்கள், செய்தியாளர்கள், ஆசிரியர்கள், அரசுப் பள்ளியில் முதல் முறையாகக் கோடிங் பழகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

தரவு இருக்கிறது, இணைப்புதான் இல்லை

நல்ல செய்தி என்னவென்றால், இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. யூனிகோட் கன்சார்டியம் சிஎல்டிஆர் என்ற பொதுத் தரவுத் தொகுப்பை நடத்துகிறது. அதில் எமோஜிகளுக்கான பெயர்களும் தேடல் சொற்களும் பல மொழிகளில் உண்டு. தமிழும் அதில் ஒன்று. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் இலவச ஸ்க்ரீன் ரீடரான என்விடிஏ, எமோஜிகளைப் பெயர் சொல்லிப் படிக்க யூனிகோட் கன்சார்டியத்தின் தரவைப் பயன்படுத்துகிறது. அதாவது, இந்தப் பெயர்கள் நன்றாக இருந்தால் தேடுபவருக்கு மட்டுமல்ல, கேட்பவருக்கும் லாபம்.

ஆனால் மொழிபெயர்த்த பெயர் மட்டும் போதாது. தமிழுக்கென்றே மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, சொல்லின் வடிவம். தரவில் 'சிரிக்கும் முகம்' என்று இருந்து, ஒருவர் 'சிரிப்பு' என்று அடித்தால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் தோற்றுவிடும். இரண்டுக்கும் பொது 'சிரி' மட்டுமே. தமிழில் சொல்லின் வால் மாறிக்கொண்டே இருக்கும். எனவே வேர்ச்சொல்லைப் பிடிக்கும் தேடல் வேண்டும், இல்லையென்றால் எல்லா வடிவங்களையும் தேடல் சொற்களாகச் சேர்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, பேச்சு வழக்கு. சேலை, புடவை இரண்டும் வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரருக்கு அது 'சாறி'. யாரும் வாயால் சொல்லாத அகராதிச் சொல்லை மட்டும் வைத்தால் தமிழ்த் தேடல் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மூன்றாவது, தங்கிலீஷ். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடிப்பவர்கள் ஏராளம். 'நன்றி'யை நடுவில் 'டி' போட்டு எழுதுபவரும் உண்டு, போடாமல் எழுதுபவரும் உண்டு. 'சிரிப்பு'க்கு ஒற்றை 'பி'யா இரட்டை 'பி'யா என்று யாரும் பஞ்சாயத்து வைப்பதில்லை. ஒன்றிரண்டு எழுத்து பிசகினாலும் கண்டுபிடிக்கும் தோராயத் தேடல் எடிட்டர்களில் பழைய வசதிதான். கோப்புப் பெயர் தேட அதைத்தான் தினமும் பயன்படுத்துகிறார்கள். அதையே இங்கும் திருப்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கீபோர்டே தமிழில் இருந்தால்?

வடிவமைப்பாளர்கள் பலர் யோசிக்காத இடம் இது. தமிழ்99 கீபோர்டு 1999இல் தமிழக அரசு ஏற்ற தர அமைப்பு. அதில் இங்கிலீஷ் 'இ' இருக்கும் கீயைத் தட்டினால் 'ஊ' வரும். 'எஸ்' கீயில் 'இ' வரும். இப்போது ஈமேக்ஸின் வழியை நினைத்துப் பாருங்கள். கன்ட்ரோல்-எக்ஸ், 8, 'இ', 'எஸ்' என்று அடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் தமிழ்99 நிலையில் இருந்தால் எடிட்டருக்குப் போய்ச் சேருவது 'ஊ'வும் 'இ'யும். கட்டளை புரியாமல் எடிட்டர் முழிக்கும். பயனர் கீபோர்டை இங்கிலீஷுக்கு மாற்றி, எமோஜியைப் போட்டு, மறுபடி தமிழுக்கு மாற்ற வேண்டும். ரஷ்ய மொழி, கிரேக்க மொழிக்காரர்களுக்கும் இதே அவஸ்தை உண்டு.

தீர்வு ஒன்றும் ராக்கெட் சயன்ஸ் இல்லை. எந்த எழுத்து வந்தது என்று பார்ப்பதோடு, கீபோர்டில் எந்த இடத்திலிருக்கும் கீ அழுத்தப்பட்டது என்பதையும் மென்பொருளால் அறிய முடியும். ஷார்ட்கட்டுகளுக்குக் கீயின் இடத்தையும், தேடலுக்கு வந்த எழுத்தையும் எடுத்துக்கொண்டால் இரண்டும் வேலை செய்யும். ஒலிப்பு முறையில் தமிழ் அடிப்பவர்களுக்கு, சொல் முழுதாக உருவாகும் முன்பே எண்டரைப் பிடுங்கிக்கொண்டு ஏதோ ஒரு படத்தைப் போட்டுவிடாமல் தேடல் பெட்டி காத்திருக்கவும் வேண்டும்.

இத்தனையும் ஓர் எமோஜிக்காகவா?

இல்லை. ஒரு பிக்கர் நன்றாக அமைந்தால் அதன் வழியாக எமோஜி மட்டும் வராது. தமிழ் யூனிகோட் பகுதியில் ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௹ ரூபாய் என்று கணக்குப் புத்தகக் காலத்துக் குறிகள் இருக்கின்றன. பெரும்பாலான கீபோர்டுகளில் இவற்றை நேராக அடிக்க வழியில்லாததால் பயன்படுத்துவோர் குறைவு. 'வரவு' என்று அடித்தால் ௷ வந்து நிற்கும் பெட்டி, கல்வெட்டும் ஓலையும் பதிப்பிக்கிறவர்களுக்கும் உதவும்.

எடிட்டர் உருவாக்குபவர்களிடம் கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. மவுஸ் இல்லாமல் திறந்து, தேடி, போட்டு, மூட முடிய வேண்டும். ஒரே எழுத்துக்கு ஒரே வரிசை வர வேண்டும். தேர்ந்த படத்தின் பெயரை ஸ்க்ரீன் ரீடர் சொல்ல வேண்டும். தேடல், பயனரின் மொழித் தரவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; இங்கிலீஷை எடுத்துவிட வேண்டிய அவசியமே இல்லை, கூடவே தமிழும் இருந்தால் போதும்.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. சிஎல்டிஆர் தரவைத் திருத்தவும் சேர்க்கவும் குறிப்பிட்ட காலங்களில் பங்களிப்பாளர்களுக்கு வாய்ப்பு திறக்கப்படுகிறது. ஈமேக்ஸ் போன்ற திறந்த மூல எடிட்டர்களின் நிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றம் அனுப்பலாம். கல்லூரி ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்களுக்கு இது ஒரு செமஸ்டரில் முடிக்கக்கூடிய, முடித்தபின் நிஜமாகவே யாராவது பயன்படுத்தக்கூடிய வேலை. அடுத்த கார்த்திகைக்குள் ஏதாவது ஓர் எடிட்டரிலாவது 'விளக்கு' என்று அடித்தால் அகல் விளக்கு வந்து நிற்கட்டும்.